குளத்தை விட்டு ஏறியபின் அந்த ஒரு மணி நேரம்

கேள்வி: எனக்கு வயது 29. கோவையில் ஐ.டி. வேலை. முதுகு வலிக்காக ஒன்றரை வருடமாக நீச்சலுக்குப் போகிறேன். வாரத்தில் ஐந்து நாள், காலை ஆறு மணி பேட்ச், முக்கால் மணி நேரம். முதுகு வலி போய்விட்டது. ஆனால் மூன்று மாதமாக முகம் படுத்துகிறது. கன்னம் சிவந்து எரிகிறது, மூக்கோரம் தோல் உரிகிறது, கண்ணைச் சுற்றி அரிப்பு. குளோரின் போகட்டும் என்று குளத்தை விட்டு வந்ததும் முகத்துக்கு இரண்டு தடவை சோப்பு போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடலை மாவில் எலுமிச்சை பிழிந்து தேய்க்கிறேன். மெடிக்கல்ஸில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வருகிறது. இப்போது நான்காவது ட்யூப். அம்மாவோ, "குளோரின்ல மூஞ்சியே கறுத்துப் போச்சு, கல்யாணம் முடியற வரைக்குமாவது நீச்சலை நிறுத்து" என்கிறார். எனக்குக் குளோரின் அலர்ஜியா? நீச்சலை விட வேண்டுமா? முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினால் தப்பிக்கலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முன்னால் நடுக் கேள்வி. நீச்சலை விட வேண்டியதில்லை. குறைந்தது பத்து நாள் லீவு போடுங்கள், அது போதும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மாத்திரை இல்லாமல் முதுகு வலியைப் போக்கிய ஒன்றை, முகத்தில் சிவப்பு வந்தது என்பதற்காகத் தூக்கி எறிவது எனக்குச் சம்மதமில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குளத்தில் இருக்கும் முக்கால் மணி நேரத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். குளத்தை விட்டு ஏறியபின் செய்வதைப் பற்றி ஐந்து வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ வியாதி அந்த ஐந்து வரியில்தான் இருக்கிறது என்று படுகிறது.

முதலில் இந்தக் "குளோரின் அலர்ஜி". என்னிடம் வரும் நீச்சல்காரர்களில் பாதிப் பேர் இந்த வார்த்தையோடுதான் உள்ளே வருகிறார்கள். வெங்காயம் நறுக்கினால் வீட்டில் யாராக இருந்தாலும் கண் எரியும், தண்ணீர் கொட்டும். அது அலர்ஜி இல்லை, வெங்காயத்தின் காரம். கத்தரிக்காய் சாப்பிட்டால் ஊரே சும்மா இருக்க ஒருவருக்கு மட்டும் வாயும் கையும் அரிக்கிறதே, அதுதான் அலர்ஜி. குளத்துத் தண்ணீர் தோலில் செய்வது பெரும்பாலும் வெங்காய வேலை. போதிய நேரம், போதிய அளவு பட்டால் யார் தோலும் வறண்டு சிவக்கும். குளோரினுக்கே உண்மையான அலர்ஜி என்பது மிக மிக அரிது.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். கரப்பான் வந்த குழந்தைகளுக்கு நாங்களே சில சமயம் ப்ளீச் கலந்த தண்ணீரில் குளிக்கச் சொல்வதுண்டு. அளவு பார்த்துக் கலந்த பிறகும் அந்தத் தண்ணீரில் குளோரின் சுமார் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குக்கு 50 பங்கு, இருக்கும். ஒழுங்காகப் பராமரிக்கும் நீச்சல் குளத்தில் இருக்க வேண்டியது 1 முதல் 3 பிபிஎம். ஆகவே குளோரின் என்ற பெயரைக் கேட்டே பயப்பட வேண்டாம். (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் ப்ளீச்சிங் பவுடரைப் பக்கெட்டில் கொட்டிவிடாதீர்கள். அந்தக் குளியலுக்குக் கணக்கு உண்டு, நேரம் உண்டு, மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.)

அப்படியானால் முகம் ஏன் எரிகிறது? தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் சாந்து ஒருவகைக் கொழுப்பு. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் கலந்தது. முக்கால் மணி நேரம் ஊறினால் செங்கல் உப்பிப் போகும், சாந்து கரையும், தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் உப்புகளும் தண்ணீரோடு போகும். துடைத்த ஐந்தாவது நிமிடம் முகம் இழுத்துப் பிடிக்கிறது இல்லையா, அதுதான் அடையாளம். சில மணி நேரம் சும்மா விட்டால் தோல் தன் சுவரைத் தானே பூசிக்கொள்ளும். நீங்கள் சும்மா விடவில்லை.

சோப்பின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று சொல்லும் அளவு, 9, 10 என்று இருக்கும். தோலின் மேற்பரப்போ லேசான அமிலம், 5-ஐ ஒட்டி. ஏற்கெனவே சாந்து கரைந்த சுவரில் இரண்டு முறை சோப்பு போட்டுத் தேய்த்தால் மிச்சத்தையும் சுரண்டி எடுத்த கணக்கு. இதில் கோவைக்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை. வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வந்தாலும், குளத்துப் பக்கத்து ஷவரில் பெரும்பாலும் வருவது போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அதனால் இன்னும் கொஞ்சம் தேய்ப்போம். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து பிசுக்காகத் தோலில் படியும். பக்கெட்டின் உட்புறத்தில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதேதான். "நல்லா கழுவினேன் டாக்டர், ஆனாலும் பிசுபிசுன்னே இருக்கு" என்று சொல்வார்கள். அந்தப் பிசுக்கு குளோரின் இல்லை, சோப்பு.

வாரம் முழுக்க 10-இல் வைத்திருந்த தோலை ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை பிழிந்து 2-க்கு இறக்குகிறீர்கள். கடலை மாவு சும்மா இருக்குமா, அது உப்புத்தாள் மாதிரி உரசும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கருந்திட்டு வரும், அது வேறு. கல்யாணத்துக்கு முன்னால் முகம் வெளுக்க வேண்டும் என்று வீட்டில் கடலை மாவும் எலுமிச்சையும் கலந்து தருபவர்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை. எரிச்சல் இல்லாத தோலில் எப்போதாவது ஒருநாள் அதைத் தடவினால் பெரிய கேடு ஒன்றுமில்லை. உங்கள் தோலுக்கு இப்போது வேண்டாம்.

அம்மா சொன்ன கறுப்பு விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். குளோரின் தோலைக் கறுக்க வைக்காது. கறுக்க வைப்பது வெயில். இன்னொன்று, நம் நிறத் தோலில் எந்தச் சிவப்பு ஆறினாலும் பின்னால் ஒரு பழுப்பு நிழலை விட்டுவிட்டுத்தான் போகும். எரிச்சலை நிறுத்தினால் நிழலும் சில மாதத்தில் மங்கும். எரிச்சல் இருக்கும்போதே நிழலைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் அது ஆழமாகிக்கொண்டே போகும்.

இனி உங்கள் முகத்தின் வரைபடத்தைப் பார்ப்போம். மூன்று இடம் எழுதியிருக்கிறீர்கள், கன்னம், மூக்கோரம், கண்ணைச் சுற்றி. மூன்றுக்கும் ஒரே குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள்.

கண்ணிலிருந்து தொடங்குகிறேன். சில வருடம் முன்பு ஒரு கல்லூரிப் பையனை அவன் அப்பா கூட்டி வந்தார். மாநில அளவில் நீந்துகிறவன். இரண்டு கண்ணையும் சுற்றி அரிப்பு, தோல் தடித்து, யாரோ குத்துவிட்ட மாதிரி. கண் மருத்துவர், அலர்ஜி மாத்திரை, கண் சொட்டு மருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. அப்பாவும் குளத்துக் குளோரினைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். பையைத் திறந்து காகிள்ஸை எடு என்றேன். அதை அவன் முகத்தில் பொருத்திப் பார்த்தால், தடிப்பின் வெளிக்கோடும் கறுப்பு நுரை ரப்பரின் ஓரமும் அச்சடித்த மாதிரி ஒத்துப் போயின. வலப்பக்க ரப்பரில் கால் அங்குலம் பிய்ந்து போயிருந்தது. அந்தக் கால் அங்குலத்துக்கு நேரே தோல் சாதாரணமாக இருந்தது. அந்த அறையில் அதற்குமேல் யாரும் குளோரினைப் பற்றிப் பேசவில்லை.

நுரை ரப்பர், அதாவது நியோப்ரீன் வைத்த காகிள்ஸில் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்கள் இருக்கும். தையோயூரியா, தையுரம் என்று இரண்டு வகை அடிக்கடி மாட்டும். இதுதான் கத்தரிக்காய் வகை, உண்மையான அலர்ஜி. முதல் வருடம் ஒன்றும் செய்யாது. திடீரென்று ஒருநாள் தோல் அதை எதிரியென்று முடிவு செய்துவிடும், பிறகு ஒவ்வொரு முறையும் அரிக்கும். கழற்றியதும் அரிக்காது என்பதுதான் இதில் ஏமாற்றம். அன்று இரவோ மறுநாளோதான் கிளம்பும். அதனால் காகிள்ஸ்மேல் யாருக்கும் சந்தேகமே வராது. சிலிகான் ஓரம் வைத்த காகிள்ஸுக்கு மாறிப் பாருங்கள். மூன்று வாரத்தில் கண்ணைச் சுற்றி அமைதியானால் விடை கிடைத்துவிட்டது. அமைதியாகவில்லையென்றால் பேட்ச் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவோம். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்போம். அந்த நாட்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. ஆகவே சித்திரை வெயிலில் செய்துகொள்ளாதீர்கள்.

காகிள்ஸில் ஆவி படியாமல் இருக்க உள்ளே ஏதாவது தடவுகிறீர்களா? எச்சில் தொட்டுத் தேய்ப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஸ்ப்ரேயோ பேபி ஷாம்புவோ தடவி, அலசாமல் மாட்டிக்கொள்பவர்களுக்கு அது கண்ணிமையிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும். இமைத் தோல் அரை மில்லிமீட்டர் தடிமன்தான், உடம்பிலேயே மெல்லிசு அங்கேதான். பட்டையையும் இறுக்காதீர்கள். மாட்டும்போது பட்டையைப் போடாமல் கண்ணாடியை மட்டும் கண்ணில் அழுத்தினால், ஓரிரு விநாடி அது தானாக ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் அளவு சரி, இறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது மூக்கோரம். பொடுகு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. மூக்கின் மடிப்பு, புருவம், காதோரம், இந்த மூன்று இடத்தில் எண்ணெய்ப் பசையான செதில் உரிந்தால் அது முகத்தில் இறங்கிய பொடுகு. தோலில் எப்போதும் குடியிருக்கும் ஒரு ஈஸ்ட்டும், அதற்குத் தோல் காட்டும் கோபமும்தான் காரணம். நீச்சலால் வருவதல்ல. ஆனால் ஈரத் தலையோடு கேப் போட்டு, ஈரத் தலையோடு கொண்டை போட்டு ஆபீஸ் போகிறவர்களுக்கு இது அடங்க மாட்டேன் என்னும். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரண்டு முறை தலையில் போட்டு, நுரையை மூக்கோரமும் புருவத்திலும் மூன்று நிமிடம் வைத்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்னம். இங்கேதான் எனக்குக் கவலை. கன்னத்தின் சிவப்பைக் குளமும் சோப்பும் தொடங்கி வைத்திருக்கலாம். அதை மூன்று மாதம் வளர்த்தது அந்த க்ரீம் என்று நினைக்கிறேன்.

ட்யூபை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். பொடி எழுத்துதான், கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பெக்லோமெத்தசோன், இதில் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அதோடு ஸ்டீராய்டு ஒன்று என்று மூன்றையும் கலந்த க்ரீம் நம் ஊர் மருந்துக்கடைகளில் படர்தாமரைக்கும் பருவுக்கும் கொசுக்கடிக்கும் ஒன்றாகவே விற்பனையாகிறது. முகம் வெளுக்கும் க்ரீம் என்று கைமாறுவதிலும் பலவற்றில் இதுதான் சரக்கு.

இரண்டு நாளில் பளிச்சென்று ஆனதற்குக் காரணம் வியாதி குணமானது இல்லை. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால் சிவப்பு மறையும். நிறுத்தியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரியும். எரியும், சிவக்கும், சின்னச் சின்னப் பருவாகக் கிளம்பும். அதைப் பார்த்து, "பாத்தியா, க்ரீமை நிறுத்தினா வந்துடுது" என்று அடுத்த ட்யூப் வாங்குவோம். கந்துவட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி இது. மாதக்கணக்கில் போனால் தோல் மெலியும், நூல் நூலாக ரத்தக் குழாய் தெரியும், மெல்லிய முடி முளைக்கும், வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாக வரும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு "ஸ்டீராய்டால் கெட்ட முகம்" என்ற பொருளில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பேரை இங்கே பார்க்கிறோம். தோலில் தடவும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. சட்டம் அப்படி. உங்களுக்கு நான்கு ட்யூப் கிடைத்தது இப்படி.

ஸ்டீராய்டே கூடாது என்று சொல்லவில்லை. நானும் எழுதித் தருகிறேன். எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்று மூன்றும் சேர்ந்தால்தான் அது மருந்து. முகத்துக்கு வீரியம் குறைந்தது, நான்கைந்து நாள், அவ்வளவுதான்.

இந்தப் பகுதியை மட்டும் கடிதத்தில் தீர்க்க முடியாது. ஐந்தாவது ட்யூப் வாங்க வேண்டாம். ஆனால் இன்றே குப்பையில் போட்டுவிட்டு வீட்டில் தனியாகப் போராடவும் வேண்டாம். அதை நிறுத்தும்போது இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கும் மேல், முகம் கொதிக்கும். அந்த நாட்களைத் தாண்ட ஸ்டீராய்டு இல்லாத க்ரீம்கள் இருக்கின்றன, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். குறைந்தது பத்து நாள் நீச்சலுக்கு லீவு கேட்டது இதற்காகத்தான், கொதிப்பு அடங்கவில்லையென்றால் அடங்கும்வரை நீட்டிக்கொள்ளுங்கள். கொதிக்கிற முகத்தைக் குளோரின் தண்ணீரில் முக்க வேண்டாம். முதுகுக்கு அந்த நாட்களில் நடைப்பயிற்சி செய்யுங்கள்.

திரும்பக் குளத்துக்குப் போகும்போது எப்படி என்று இனிச் சொல்கிறேன்.

இறங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் ஷவரில் நில்லுங்கள். சும்மா பச்சைத் தண்ணீர் போதும். குளத்து விதிப் பலகையில் எழுதியிருக்கும், யாரும் செய்வதில்லை. நல்ல தண்ணீரில் ஏற்கெனவே நனைந்த தோலும் முடியும் குளத்துத் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். உங்கள் வியர்வையும் கிரீமும் குளத்துக்குள் போகாமலும் இருக்கும். இது ஏன் முக்கியமென்றால், குளத்தில் இறங்கியதும் மூக்கில் ஏறும் அந்த நெடி இருக்கிறதே, அதைக் குளோரின் வாசனை என்று நாம் நினைக்கிறோம். அது பெரும்பாலும் குளோரமின் நெடி. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்தால் உண்டாவது. கண்ணையும் தோலையும் தொண்டையையும் அதிகம் எரிப்பது அதுதான். நெடி தூக்கலாக இருந்தால் குளம் ரொம்பச் சுத்தம் என்று அர்த்தமில்லை. எத்தனை பேர் ஷவரைத் தாண்டி நேரே குதித்தார்கள், எத்தனை வாண்டுகள் உள்ளேயே வேலையை முடித்தார்கள் என்று அர்த்தம்.

குளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, குளோரினும் பிஎச்-சும் தினமும் பார்த்து எழுதுகிறார்களா. சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டு மஞ்சள், சிவப்பு நிறம் பார்க்கும் கிட் எல்லாக் குளத்திலும் இருக்க வேண்டும். பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. இரண்டாவது கேள்வி உங்களுக்கே உரியது: மருந்து எத்தனை மணிக்குப் போடுகிறார்கள்? விடியற்காலை ஐந்து மணிக்கு ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு, அது நன்றாகக் கலப்பதற்குள் ஆறு மணி பேட்சை இறக்கிவிடும் இடங்கள் உண்டு. அப்படியானால் நாளின் மிகக் காரமான தண்ணீர் உங்கள் பேட்சுக்குத்தான். ஒரு வாரம் ஏழு மணிக்கோ மாலையிலோ போய்ப் பாருங்கள். எரிச்சல் பாதியாகக் குறைந்தால் க்ரீம் எதுவும் தேவைப்படாமலே போகலாம்.

தேங்காய் எண்ணெய் கேட்டிருந்தீர்கள். கை காலுக்கு இரவில் தடவுங்கள், வறட்சிக்கு நல்லது. முகத்துக்கு வேண்டாம். மூக்கோரச் செதிலுக்குக் காரணமான அந்த ஈஸ்ட்டுக்கு எண்ணெய்தான் சாப்பாடு, பருவும் வரும். அதோடு எண்ணெய் வழியும் முகத்தோடு இறங்கினால் அது தண்ணீரில் மிதந்து பக்கத்து லேனில் நீந்துபவர் வாய்க்குள் போகும். அதற்குப் பதிலாக வெறும் வாஸ்லின். ஒரு பட்டாணி அளவு எடுத்து இரு கன்ன எலும்பின்மேலும் மூக்கோரமும் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாகப் பூசுங்கள். வாசனை போட்டது வேண்டாம், மணமில்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லிதான். காகிள்ஸ் ஓரம் உட்காரும் இடத்தை விட்டுவிடுங்கள், வழுக்கித் தண்ணீர் உள்ளே வரும்.

சன்ஸ்க்ரீன் போட்டுக்கொண்டு இறங்குகிறீர்களா தெரியவில்லை. உங்கள் ஆறு மணி பேட்சுக்கு அது தேவையே இல்லை. ஏழு மணிக்குள் ஏறிவிடுகிறீர்கள், அந்த வெயில் ஒன்றும் செய்யாது. கண்ணுக்குள் வழிந்து எரிவதுதான் மிச்சம். ஒன்பது மணிக்கு மேல் திறந்தவெளிக் குளத்தில் நீந்துபவர்கள் விஷயம் வேறு. தண்ணீருக்குள் இருந்தால் வெயில் படாது என்று நினைக்கிறார்கள். அரை மீட்டர் ஆழத்திலும் மேலே இருக்கும் புற ஊதாக் கதிரில் 40 சதவீதம் இருக்கும். அவர்கள் ஜிங்க் ஆக்சைடு போட்ட, தண்ணீருக்குத் தாங்கும் சன்ஸ்க்ரீன் போட வேண்டும். நீங்கள் ஆபீஸ் கிளம்பும்போது போட்டுக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும்.

இப்போது அந்த ஒரு மணி நேரம். படி ஏறியதும் கைப்பேசியைப் பார்க்காமல், தோழியோடு பேசிக்கொண்டு நிற்காமல் நேரே ஷவர். குளத்துத் தண்ணீர் முகத்திலேயே காய்ந்தால் எல்லாம் தோலில் தங்கிவிடும். வெதுவெதுப்பு போதும், சுடுதண்ணீர் வேண்டாம். முகத்தைத் தண்ணீரில் நன்றாக அலசிய பிறகு சோப்புக்குப் பதில் சிண்டெட் பார், அல்லது நுரை குறைவான, மணமில்லாத ஃபேஸ் வாஷ். ஒரே ஒரு முறை, இருபது விநாடி. சிண்டெட் என்பது சோப்பு மாதிரி இருக்கும், சோப்பு இல்லை. போர் தண்ணீரிலும் பிசுக்குப் பிடிக்காது. மருந்துக்கடையில் சிண்டெட் என்றே கேளுங்கள். தலைக்கு ஷாம்பு போட்டால் தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள், நுரை முகத்தில் வழிய வேண்டாம். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உங்கள் துண்டு உங்களுக்கு மட்டும். பாலுண்ணி மாதிரி தொல்லைகள் துண்டு வழியாகவும் பரவும்.

தோலில் இன்னும் ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர். கிளிசரின் இருக்கட்டும், செராமைடு இருந்தால் இன்னும் நல்லது, வாசனை இருக்கவே கூடாது. விலை அதிகமானதுதான் நல்லது என்றில்லை. அதை வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள், நீச்சல் பையில் வையுங்கள். வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்று நினைத்தால் அவிநாசி ரோடு ட்ராஃபிக்கில் முகம் காய்ந்து பொருபொருவென்று ஆகிவிடும். இரவு படுக்கும் முன் இன்னொரு முறை.

ரெட்டினால், பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு, வைட்டமின் சி சீரம், அமிலம் கலந்த டோனர் இதில் ஏதாவது போடுகிறீர்கள் என்றால் முகம் முழுதாக ஆறும்வரை எடுத்து உள்ளே வையுங்கள். த்ரெட்டிங், வேக்ஸிங் செய்த அன்றும் மறுநாளும் குளத்தில் இறங்காதீர்கள். நூல் இழுத்த உதட்டுமேல் குளத்துத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பட்டவர்களுக்குத் தெரியும். ஆண்களுக்கும் இதேதான். காலையில் சவரம் செய்துவிட்டு நேரே குளத்துக்கு வராதீர்கள், முந்தைய இரவே முடித்துவிடுங்கள். கல்யாணத்தை முன்னிட்டு பார்லரில் ஃபேஷியல், ப்ளீச் என்று அம்மா நாள் குறித்திருந்தால் அதைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். நீச்சலை நிறுத்துவதைவிட அதை நிறுத்துவதில்தான் முகத்துக்கு லாபம்.

சில அடையாளங்கள் தெரிந்தால் நாள் தள்ளாதீர்கள். இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் போவது, முகத்தில் நீர் கசிந்து தேன் நிறத்தில் பொருக்குக் கட்டுவது, உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வந்து சுரீரென்று வலிப்பது, இவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கேப் மாட்டிய சில நிமிடத்தில் நெற்றி தடித்து உடம்பெல்லாம் அரித்தால், மூச்சு இரைத்தால், அது லேட்டக்ஸ் ரப்பர் அலர்ஜியாக இருக்கலாம். கழற்றிவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதன்பின் சிலிகான் கேப் மட்டும்தான்.

தோல் மருத்துவரிடம் போகும் அன்று முகத்தில் எதுவும் போடாமல் போங்கள், மேக்கப்பும் வேண்டாம். நான்கு ட்யூபில் ஒன்றாவது மிச்சமிருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காகிள்ஸையும் கேப்பையும் காயவைத்துக் கூடவே எடுத்துப் போங்கள். "க்ரீம் பேர் தெரியல டாக்டர், வெள்ளையும் நீலமுமா டப்பா" என்று சொன்னால் எங்களுக்கும் தெரியாது.